அறுந்தது கேபிள், அறுத்தது யார்? நாசவேலைச் சந்தேகத்தைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள

தெருவில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்டுகிறது. அரை மணி நேரத்தில் வீட்டில் இன்டர்நெட் போய்விடுகிறது. "ஜேசிபிக்காரன் கேபிளைப் பிடுங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு ஆள் வரும்வரை காத்திருப்போம். ஆனால் போன வாரம்தான் அதே தெருவில் இரண்டு கேபிள்காரர்களுக்குள் அடிதடி நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே அறுந்த கேபிளைப் பார்த்து "இது தானா நடந்திருக்காதுப்பா" என்போம். கேபிள் அறுந்த விதத்தில் எந்த மாற்றமும் இல்லை. நமக்குத் தெரிந்த பின்கதை மட்டும் கூடியிருக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததிலிருந்து உலகச் செய்திகளையே நாம் இந்த இரண்டாவது கண்ணோடுதான் பார்க்கிறோம். எங்காவது குழாய் வெடித்தாலும், கேபிள் அறுந்தாலும், கிடங்கு எரிந்தாலும், பாலம் விழுந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் "யார் செய்தது" என்ற பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகம் எல்லா நேரமும் தவறு என்று சொல்லிவிட முடியாது. சில வழக்குகளில் அது நீதிமன்றத்திலேயே நிரூபணமாகியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், "நாசவேலையா?" என்பது பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. என்ன உடைந்தது? எது உடைத்தது? தெரிந்தே செய்தார்களா? செய்யச் சொன்னது யார்? ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சாட்சியம் வேறு, அது கிடைக்க ஆகும் காலமும் வேறு. பேச்சுவழக்கில் நாம் முதல் கேள்வியிலிருந்து ஒரே தாவலில் நான்காவதுக்குப் போய்விடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் வட ஐரோப்பாவின் பால்டிக் கடலையே எடுத்துக்கொள்கிறோம். அங்கே நான்கு கேள்விகளும் தனித்தனியாகத் தெரிகின்றன.

முதலில் மூன்று சொற்கள்

நாசவேலை என்றால், எதிராளியின் இயக்கத்தைக் கெடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒரு பொருளை உடைப்பது. இந்த வரையறையில் கனம் முழுக்க "நோக்கம்" என்ற சொல்லில் இருக்கிறது. நோக்கம் இல்லையென்றால் அது விபத்து, அல்லது அலட்சியம்.

பினாமிப் போர் என்பதைப் பத்திரிகைகள் "பதிலிப் போர்" என்றும் "நிழல் யுத்தம்" என்றும் எழுதுகின்றன. பினாமிச் சொத்து நமக்குப் பழக்கமான விஷயம்தான். பத்திரத்தில் மச்சான் பெயர் இருக்கும், பணம் இன்னொருவருடையதாக இருக்கும். கேட்டால் "எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்பார். போரிலும் அப்படியே. களத்தில் நிற்பவர் ஒருவர். பணமோ ஆயுதமோ பயிற்சியோ உளவுத் தகவலோ தருபவர் வேறொருவர். இந்த நான்கில் ஏதாவது ஒன்றாவது கைமாறியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எதிரி ஒருவரே என்பதால் மட்டும் ஒருவர் மற்றவரின் பினாமி ஆகிவிடமாட்டார். தெளிவான உதாரணம் வாக்னர் என்ற ரஷ்யத் தனியார் கூலிப்படை. பல ஆண்டுகளாக அதற்கும் அரசுக்கும் தொடர்பே இல்லை என்று மாஸ்கோ சொல்லிவந்தது. 2023 ஜூனில் அந்தப் படை கலகம் செய்து அடங்கிய பிறகு, 2022 மே முதல் 2023 மே வரை சம்பளமும் ஊக்கத்தொகையுமாகச் சுமார் 8,600 கோடி ரூபிளை அரசே கொடுத்தது என்று புதினே வாய் திறந்து சொன்னார்.

அந்தக் கலகத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பினாமி பொம்மை இல்லை. சொத்தை எழுதிவைத்த மச்சான் ஒருநாள் "இது என்னுடையதுதான்" என்று நிற்பதில்லையா? 1983க்குப் பிறகு இந்திய மண்ணில் பயிற்சி பெற்ற இயக்கங்களில் ஒன்றான விடுதலைப் புலிகளோடுதான் 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் சண்டையிட்டது. "கருவியைக் கொடுத்தவர் சொன்னபடிதான் எல்லாமே நடக்கும்" என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது சொல் சாம்பல் வெளி. போரும் இல்லை, அமைதியும் இல்லை என்ற இடைப்பட்ட நிலை. எதிராளிக்கு வலிக்க வேண்டும், ஆனால் அவன் திருப்பிச் சுடும் அளவுக்குக் காரணம் கிடைத்துவிடக் கூடாது. இந்த வெளியில் விபத்து போலத் தோன்றும் காரியத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

சுருக்கமாக: நாசவேலைக்கு நோக்கம் தெரிய வேண்டும். பினாமிப் போருக்குக் கைமாறியது என்ன என்று தெரிய வேண்டும். சாம்பல் வெளியில் இரண்டுமே எளிதில் தெரியாது.

கடலுக்கடியில் கிடப்பது என்ன

கண்டங்களுக்கு இடையே போகும் இணையத் தகவலில் ஏறக்குறைய முழுவதும் கடலடி கேபிள் வழியாகவே போகிறது. செயற்கைக்கோளின் பங்கு மிகச் சிறியது. ஆழ்கடலில் கிடக்கும் அந்தக் கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் பருமன்தான். 17 முதல் 20 மில்லிமீட்டர். நடுவில் தலைமுடி அளவுக்குக் கண்ணாடி இழைகள், அவற்றைச் சுற்றி ஜெல், அதற்கு மேல் எஃகுக் கம்பிகள், தாமிர உறை, கடைசியாகப் பாலிஎத்திலீன் தோல். தாமிரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் ஓடும். 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கும் ஒளி பெருக்கிகளுக்கு அதுதான் உணவு.

கரையை நெருங்கும்போது கேபிள் தடிக்கிறது. எஃகுக் கம்பிக் கவசம் ஒன்றோ இரண்டோ சுற்றப்பட்டு 50 மில்லிமீட்டர் வரை ஆகும். முடிந்த இடத்தில் கடல்தரையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் புதைத்தும் விடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், மெலிந்த பகுதி ஆழத்தில் பத்திரமாகக் கிடக்கிறது. கவசம் போட்ட பகுதிதான் அடிக்கடி அடிபடுகிறது, ஏனென்றால் நங்கூரமும் மீன்பிடிப் படகின் இழுவை வலையும் எட்டுவது அங்கேதான்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நடக்கின்றன. வாரத்துக்கு மூன்று, நான்கு. அவற்றில் முக்கால் பங்குக்குக் காரணம் மீன்பிடிப்பும் நங்கூரமும். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வதந்தி அடங்கும். 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்து இந்தியாவில் இணையம் தடுமாறியது. அவற்றில் ஒன்று சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4. அடுத்த இரண்டு நாளில் துபாய் பக்கம் ஃபால்கன் கேபிளும் போனது. "ஈரான் மீது தாக்குதலுக்கு முன்னேற்பாடு" என்று ஒரு கதை உலகைச் சுற்றியது. ஃபால்கனைச் சரிசெய்யப் போனவர்கள் அந்த இடத்தில் கண்டெடுத்தது, யாரோ கைவிட்ட ஐந்தாறு டன் நங்கூரம்.

ஆனால் இதே எண்ணிக்கையை வைத்து எல்லாவற்றையும் "சகஜம்ப்பா" என்று தள்ளிவிடவும் கூடாது. 2023 அக்டோபர் முதல் 2025 ஜனவரி வரை, பால்டிக் என்ற சிறிய கடலில் ஒரு எரிவாயுக் குழாயும் குறைந்தது பத்துக் கேபிள்களும் சேதமாயின. சேதப்படுத்தியதாகச் சொல்லப்பட்ட கப்பல்களில் பல ரஷ்யத் துறைமுகத்துக்குப் போய்வந்தவை. உலகச் சராசரி அமைதியாக இருக்கும்போது ஒரு மூலையில் மட்டும் இப்படிக் குவிந்தால் சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கிறது. சந்தேகம் அங்கே தொடங்கலாம், முடிவு அங்கே வரக் கூடாது.

நங்கூரம் எப்படி அறுக்கிறது

ஓடும் கப்பலில் நங்கூரம் மூக்குப் பக்கத் துளையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்திருப்பவை மூன்று. சங்கிலியைச் சுற்றும் விசைச்சக்கரத்தின் பிரேக் பட்டை; சங்கிலிக் கண்ணியைக் குறுக்கே தடுக்கும் இரும்புக் கட்டை; அதற்கும் மேலே இறுக்கிக் கட்டிய கம்பிவடம். கடலுக்குப் போகும் முன் மூன்றையும் போட வேண்டும். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் கட்டையைச் சரியாகப் போடாமல், வடத்தையும் கட்டாமல் விட்டு, பிரேக் பட்டையும் தேய்ந்திருந்தால், பெரிய அலையில் மூக்கு ஏறி இறங்கும் அதிர்ச்சியிலேயே நங்கூரம் நழுவலாம். ஒருமுறை ஓட ஆரம்பித்த சங்கிலியைப் பிரேக்கால் நிறுத்துவது கடினம்.

நழுவிய நங்கூரம் தரையைத் தொடுமா என்பதுதான் அடுத்த விஷயம். சங்கிலியை 27.5 மீட்டர் துண்டுகளாகக் கணக்கிடுவார்கள். பெரிய சரக்குக் கப்பலில் ஒரு நங்கூரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டுகள், அதாவது 300 மீட்டர் போல இருக்கும். நடு இந்தியப் பெருங்கடலில் அது அந்தரத்தில் தொங்கும். பின்லாந்து வளைகுடாவின் சராசரி ஆழமோ 40 மீட்டருக்கும் குறைவு. அங்கே நழுவினால் தரையை உழுதுகொண்டே போகும். குறுக்கே கேபிள் வந்தால் கொக்கியில் மாட்டி, விறைத்து, அறுந்துவிடும்.

"பல டன் இரும்பை இழுத்துக்கொண்டு போவது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். இந்தச் சர்ச்சையின் மையமே இதுதான். எஞ்சின் அதே சுற்றில் ஓடியும் வேகம் குறையும். மூக்குப் பகுதியில் அதிர்வு இருக்கும். திசை பிசகும். ஆனால் 200 மீட்டர் நீளக் கப்பலில் மேல்தளத்து மாலுமி பின்பக்கத்தில், நங்கூரத்திலிருந்து வெகுதூரத்தில் நிற்கிறார். புயல், இரவு, பழைய எஞ்சின் எல்லாம் சேர்ந்தால், வேகம் குறைந்ததற்கு எதிர்காற்றைக் காரணம் காட்டிவிட முடியும். பத்து நிமிடத்துக்கு இந்தச் சமாதானத்தை யாரும் ஏற்றுக்கொள்வார்கள். பல மணி நேரத்துக்கு ஏற்பது கஷ்டம்.

சாட்சியம் எப்படித் திரட்டுகிறார்கள்

முதல் கேள்விக்கான பதில் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். கரையிலுள்ள நிலையத்திலிருந்து கண்ணாடி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்புவார்கள். அறுந்த முனையில் பட்டு அது திரும்பி வரும். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். போய்வர ஒரு மில்லிநொடி ஆனால் அறுந்த இடம் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வது போலத்தான்.

அறுந்த நொடி தெரியும், இடமும் தெரியும். அந்த நேரத்தில் அந்தப் புள்ளியைக் கடந்த கப்பல் எது என்று அடுத்துப் பார்க்கிறார்கள். பெரிய கப்பல்களில் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி இருக்கும். ஓடும்போது சில நொடிகளுக்கு ஒருமுறை அடையாள எண், இடம், வேகம், திசையை ஒலிபரப்பும். கேபிள் நேரத்தையும் கப்பல் தடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சந்தேகப் பட்டியல் பெரும்பாலும் ஓரிரு பெயருக்குச் சுருங்கிவிடும். இங்கேயும் கோளாறு வரும். கருவியை அணைத்துவிடலாம், பொய்யான இடத்தைக் காட்டச் செய்யலாம். பால்டிக்கில் ஜிபிஎஸ் குழப்படி வேறு அடிக்கடி நடக்கிறது.

பிறகு கடல்தரை. கேமராவும் சோனாரும் பொருத்திய ரோபோவை இறக்கி உழுத தடத்தைத் தேடுவார்கள். 2023 அக்டோபர் 8 அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாயில் அழுத்தம் சரிந்தபோது இப்படித்தான் தடத்தைப் பிடித்தார்கள். அதன் ஓரத்தில் 6 டன் நங்கூரம் ஒன்று ஒரு கை முறிந்து கிடந்தது. அந்த நேரத்தில் அவ்வழியே போன ஹாங்காங் கொடிக் கப்பல் நியூநியூ போலார் பேரில் ஒரு நங்கூரம் இல்லை. இரண்டாவது கேள்விக்கு இதைவிடச் சுத்தமான பதில் அபூர்வம்.

கடைசியாகக் கப்பலின் பயணப் பதிவுப் பெட்டி. விமானத்தின் கறுப்புப் பெட்டி போன்றது. மேல்தளப் பேச்சு, ராடார், எஞ்சின் கட்டளை எல்லாம் பதிவாகும். கப்பலுக்குள் இருக்கும் நினைவகம் 30 நாள் வரை வைத்திருக்கும், அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறும். ஆகவே கப்பலில் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறோம் என்பதில்தான் மூன்றாவது கேள்வியின் தலைவிதி இருக்கிறது.

இதுவரை பார்த்தது: என்ன உடைந்தது என்பது நிமிடங்களில் தெரியும். எது உடைத்தது என்பது நாட்கள் அல்லது வாரங்களில். இரண்டும் அளந்து சொல்லக்கூடியவை. இனிமேல் வருவது மனித மனம்.

தெரிந்தே செய்தார்களா? மூன்று கப்பல்கள்

2024 நவம்பர் 17, 18 தேதிகளில் லிதுவேனியா–ஸ்வீடன் கேபிளும், ஹெல்சிங்கியிலிருந்து ஜெர்மனியின் ராஸ்டாக் வரை 1,173 கிலோமீட்டர் ஓடும் சி-லயன் 1 கேபிளும் அறுந்தன. இது தற்செயல் என்று யாரும் நம்பவில்லை என ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் பிஸ்டோரியஸ் மறுநாளே சொல்லிவிட்டார். சந்தேகம் யி பெங் 3 என்ற சீன சரக்குக் கப்பல் மீது விழுந்தது. அது டென்மார்க்–ஸ்வீடன் இடையே சர்வதேசக் கடற்பகுதியில் ஒரு மாதம் நங்கூரமிட்டு நின்றது. டிசம்பர் 19இல் நடந்த சோதனையைச் சீன அதிகாரிகள் நடத்தினார்கள். ஸ்வீடன் போலீஸ் பார்வையாளராக நின்றது. 2025 ஏப்ரலில் வந்த ஸ்வீடன் விபத்து விசாரணை அறிக்கை, வேண்டுமென்றே செய்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடிந்தது. அமைச்சரின் வாக்கியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அறிக்கையைப் படித்தவர்கள் குறைவு.

2025 ஜனவரி 26இல் லாட்வியாவிலிருந்து ஸ்வீடனின் காட்லாண்ட் தீவுக்குப் போகும் கேபிள் அறுந்தது. இந்த முறை ஸ்வீடன் தாமதிக்கவில்லை. பல்கேரிய நிறுவனத்தின் வெழென் என்ற கப்பலை உடனே பிடித்து, ஏறிப் பார்த்தது. கேபிளை அறுத்தது அந்தக் கப்பலின் நங்கூரம்தான் என்று உறுதியானது. ஆனால் மோசமான வானிலை, கருவிகளின் குறைபாடு, மாலுமிகளின் கவனக்குறைவு மூன்றும் சேர்ந்ததே காரணம், நாசவேலை இல்லை என்று சொல்லி ஒரு வாரத்தில் விட்டுவிட்டது. இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்", மூன்றாவதுக்கு "இல்லை". இரண்டும் ஒரே வழக்கில் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்காகவே இந்தக் கப்பலை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஈகிள் எஸ். 2024 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நண்பகல். பின்லாந்திலிருந்து எஸ்டோனியாவுக்கு 650 மெகாவாட் கொண்டுபோகும் எஸ்ட்லிங்க் 2 மின்கேபிள் துண்டானது. கூடவே நான்கு தொலைத்தொடர்புக் கேபிள்கள். ரஷ்யாவின் உஸ்ட்-லூகா துறைமுகத்தில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டு எகிப்துக்குப் போன குக் தீவுகள் கொடிக் கப்பல் அது. பொருளாதாரத் தடைகளுக்கு நழுவ, பழைய கப்பல்களை யாருக்குச் சொந்தம் என்று தெரியாதபடி கைமாற்றி ரஷ்ய எண்ணெய் ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட நிழல் கப்பல்களில் ஒன்று என்று ஐரோப்பிய அதிகாரிகள் சொன்னார்கள். பின்லாந்து ஹெலிகாப்டரில் ஆளை இறக்கியே கப்பலைக் கைப்பற்றியது. நங்கூரம் உழுத தடம் சுமார் 90 கிலோமீட்டர்.

பத்து நிமிடம் தெரியாமல் போகலாம், 90 கிலோமீட்டர்? கேப்டன் மீதும் இரண்டு அதிகாரிகள் மீதும் வழக்கு போட்டார்கள். 2025 அக்டோபர் 3இல் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நிரபராதிகள் என்று சொல்லி இல்லை. இதை விசாரிக்கும் அதிகாரமே பின்லாந்துக்கு இல்லை என்று சொல்லி. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் நடக்கும் கப்பல் விபத்தில் மாலுமிகள் மீது குற்ற வழக்கு போடும் உரிமை, ஐநா கடல்சட்ட உடன்படிக்கையின்படி, கொடி நாட்டுக்கோ மாலுமியின் சொந்த நாட்டுக்கோதான். கொடி நாடு என்றால் கப்பல் பதிவாகியிருக்கும் நாடு. இங்கே பசிபிக்கில் இருக்கும் குக் தீவுகள். சாம்பல் வெளியில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இந்த 12 மைல் கோடு எவ்வளவு வசதி என்று விளக்கத் தேவையில்லை.

செய்யச் சொன்னது யார்?

நான்காவது கேள்விக்குக் கடல்தரையில் பதில் கிடைக்காது. தொலைபேசியிலும் வங்கிக் கணக்கிலும் பிடிபட்ட ஆளின் வாக்குமூலத்திலும்தான் கிடைக்கும். பினாமியைப் பிடிக்க வருமான வரித்துறை என்ன செய்கிறதோ அதேதான்: பணம் வந்த வழியைத் திருப்பி நடப்பது.

அப்படி நடந்து முடித்த வழக்கு ஒன்று லண்டனில் இருக்கிறது. 2024 மார்ச் 20 அன்று கிழக்கு லண்டனின் லேட்டன் பகுதியில், உக்ரைனுக்குப் பொருள் அனுப்பும் நிறுவனத்தின் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். வைத்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள், காசுக்கு வேலை. அவர்களை இந்த வேலைக்குச் சேர்த்தவர் இன்னொரு இளைஞர். அவரை டெலிகிராம் வழியாக ஏவியது வாக்னர் தரப்பு. அந்த உரையாடல்கள் போலீஸ் கையில் சிக்கின. 2025 அக்டோபரில் ஏற்பாடு செய்தவருக்கு 17 ஆண்டுகள் சிறை. நம் ஊர் கூலிப்படை வழக்குகளைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. வெட்டியவனுக்கு வெட்டச் சொன்னவன் யாரென்றே தெரியாது. நடுவில் ஒரு தரகர். தரகரின் போன் கிடைத்தால் வழக்கு நிற்கும், கிடைக்காவிட்டால் வெட்டியவனோடு நின்றுவிடும்.

அரசே மாட்டிக்கொண்டதும் உண்டு. 1985 ஜூலை 10 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸின் ரெயின்போ வாரியர் கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள்; புகைப்படக்காரர் ஒருவர் இறந்தார். ஒரு வாடகை வேனின் நம்பரை அக்கம்பக்கத்தார் குறித்துவைத்திருந்தார்கள். அதை வைத்துப் பிடிபட்ட "சுற்றுலாத் தம்பதி" பிரெஞ்சு உளவுத்துறையினர். செப்டம்பர் 22இல் பிரெஞ்சுப் பிரதமர் ஃபாபியுஸ் ஒப்புக்கொண்டார். நட்பு நாட்டின் துறைமுகத்தில் ஒரு ஜனநாயக நாடு செய்த வேலை இது. "அவர்கள் செய்யமாட்டார்கள்" என்பதும் "அவர்கள்தான் செய்வார்கள்" என்பதும் ஒரே தரத்து வாதங்கள்.

பினாமி இருந்தும் நாசவேலை இல்லாத வினோதமும் நடக்கும். 2024 பிப்ரவரி 18இல் ஈரான் ஆதரவு பெற்ற ஏமன் நாட்டு ஹூத்திகள் செங்கடலில் ரூபிமார் என்ற சரக்குக் கப்பலை ஏவுகணையால் தாக்கினார்கள். மாலுமிகள் நங்கூரத்தைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். ஆளில்லாத கப்பல் நங்கூரத்தோடு நாள்கணக்கில் மிதந்து நகர்ந்தது. அந்த வாரம் செங்கடலில் மூன்று கேபிள்கள் அறுந்தன. அந்த நங்கூரமே அறுத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அதிகாரிகளின் கணிப்பு. ஹூத்திகள் குறிவைத்தது கப்பலை. கேபிளை யாருமே குறிவைக்கவில்லை.

"யாருக்கு லாபம்?" என்ற குறுக்குவழி

2022 செப்டம்பர் 26 அன்று டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவருகே, ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் வெடித்தன. நான்கு குழாய்களில் மூன்று போயின. 4 சென்டிமீட்டர் வரை தடித்த எஃகு, அதன்மேல் கான்கிரீட் பூச்சு. நங்கூரத்தால் ஆகிற காரியமில்லை. நிலநடுக்கமானிகள் வெடிப்பைப் பதிவுசெய்தன, ஸ்வீடன் வெடிமருந்துத் தடயத்தைக் கண்டது. ஆக மூன்று கேள்விகளுக்கும் விரைவில் விடை கிடைத்தது: குழாய், வெடிமருந்து, வேண்டுமென்றே.

நான்காவதுக்கு உலகமே "யாருக்கு லாபம்" என்று விரல் மடக்கியது. அமெரிக்காவுக்கு எரிவாயு விற்பனை கூடும். உக்ரைனுக்குத் தன் வழிக் குழாயின் மதிப்பு கூடும். ரஷ்யாவுக்கு ஒப்பந்த அபராதத்திலிருந்து தப்ப வழி, ஐரோப்பாவை மிரட்டவும் வழி. போலந்து முதல் நாளிலிருந்தே அந்தக் குழாயை எதிர்த்த நாடு. எல்லோருக்கும் லாபம் இருக்கிறது என்றால் அந்தக் கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை என்றுதான் அர்த்தம். ஸ்வீடனும் டென்மார்க்கும் 2024 பிப்ரவரியில் தங்கள் விசாரணைகளை மூடின. டென்மார்க், இது நாசவேலைதான், ஆனால் இங்கே வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. ஜெர்மனி மட்டும் தொடர்ந்தது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது லாபக் கணக்கில்லை. ராஸ்டாக்கில் வாடகைக்கு எடுத்த ஆண்ட்ரொமீடா என்ற 15 மீட்டர் பாய்மரப் படகில் கிடைத்த வெடிமருந்துத் தடயம். அங்கிருந்து உக்ரைன் நாட்டவர் மீது கைது வாரண்டுகள். ரஷ்யாவை முதல் வாரமே தீர்ப்பெழுதியவர்களும், அமெரிக்காவைத் தீர்ப்பெழுதியவர்களும் இந்தத் திருப்பத்தை எதிர்பார்க்கவில்லை.

செய்தியைப் படிக்கும்போது

வினைச்சொல்லைப் பாருங்கள், "சேதமானது", "சேதப்படுத்தியது", "திட்டமிட்டுச் சேதப்படுத்தியது", "இன்னார் ஏவலில் சேதப்படுத்தியது" என்று நான்கு படிகள். தலைப்பு நான்காம் படியிலும் உள்ளே இருக்கும் தகவல் முதல் படியிலும் நிற்பது அன்றாடம் நடக்கிறது. சொல்பவர் யார் என்பது அடுத்தது. கேபிள் நிறுவனம் இடத்தையும் நேரத்தையும் சொல்லும், அதை நம்பலாம். அரசு வழக்கறிஞர் சொன்னால் நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு. அமைச்சருக்கும் பெயர் சொல்லாத "உளவு வட்டார"த்துக்கும் அது இல்லை. முதல் நாளில் முதல் கேள்விக்கு மேல் பதில் சொல்பவரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஓராண்டு கழித்து வரும் அறிக்கை ஆறாம் பக்கத்தில் நான்கு வரியாக வரும். தேடித்தான் படிக்க வேண்டும்.

அப்படித் தேடிப் படித்தால் கிடைப்பது சில சமயம் மிகச் சிறியதாக இருக்கும். 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய டாலி என்ற 300 மீட்டர் சரக்குக் கப்பல் மின்சாரம் போய்த் திசை இழந்து ஒரு பாலத்தின் தூணில் மோதியது. பாலம் விழுந்து, அதன்மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். மாலுமிகள் பெரும்பாலும் இந்தியர்கள். விடிவதற்குள் சைபர் தாக்குதல் என்றும் நாசவேலை என்றும் செய்தி பரவியிருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணத்தை அறிவிக்க இருபது மாதங்கள் ஆயின. மின்பலகையில் ஒரு ஒயர் சரியாக உள்ளே போகவில்லை. எந்த ஒயர் எது என்று தெரிவதற்காக அதன் நுனியில் மாட்டியிருந்த பெயர்ப்பட்டை கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்ததால், ஒயர் கவ்விக்குள் முழுதாக இறங்காமல் நின்றிருந்தது.